மூன்று பலகை

டிக்கோயா ஆஸ்பத்திரி, இரவு முறை.
வழுக்கியின் ஓரம் விரலைக் கீறிவிட்டது.
கழுவப் போனவள் நின்றேன்.
வீணாகப் போகிற சொட்டுத்தானே என்று
கண்ணாடியில் ஒற்றி, மூடித்துண்டு வைத்து,
உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினேன்.
காசல்ரீ பக்கமிருந்து வந்த மழை
தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

சாயம் போட்ட குழியங்களைத்தான் தினமும் எண்ணுகிறேன்.
நூறு எண்ணி, வகை பிரித்து, தாளில் எழுதி.
எல்லாம் செத்தவை. அழகாக, ஊதாவாக,
கிடந்த இடத்திலேயே கிடப்பவை.
இது என் இரத்தம்.
என்னை விட்டுப் போனது
இன்னும் அதற்குத் தெரியாது.

செங்குழியங்களின் நெரிசலில்
ஒரு வெண்குழியம்
நெளிந்தது.

உயர்தரத்தில் குழியவன்கூடு என்று படித்தோம்.
வன்கூடு என்றதும் எலும்புதான் நினைவுக்கு வந்தது,
பரீட்சைத் தாளிலும் அப்படியே வரைந்தேன்.
இரண்டு புள்ளி போட்டார்கள்.
அந்தச் சொல்லில் ‘வன்’ பிழை என்று
இன்றைக்கு எழுதிக் கொடுத்தால் யார் வாங்குவார்?
முன்பக்கம் இழை வளர்கிறது,
மணி மணியாக ஒட்டி,
தோலை உள்ளிருந்து தள்ளி.
பின்பக்கம் அதே இழை உதிர்கிறது.
உதிர்ந்த மணிகள் மிதந்து
மறுபடி முன்னுக்கு வருகின்றன.
அவிழ்த்ததையே கட்டுகிறது,
கடன் வாங்காத வீடு போல.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்,
நுணுக்குக்காட்டி இல்லாமல்.

மேற்பிரிவில் மண் சரிந்த காலை.
ஏழாம் லயத்துக்கும் எங்களுக்கும் நடுவே
வேரோடு பிடுங்கிய தேயிலையும் சேறும்.
கால் வைத்தவன் தொடைவரை போனான்.
சந்தனம் கோழிக்கூட்டைப் பிரித்து
இரண்டு பலகை எடுத்தான். மூன்றாவது
அவன் காம்பராக் கதவு.
ஒன்றில் நின்று, ஒன்றை முன்னே போட்டு,
ஏறி, குனிந்து,
பின்னால் கிடந்ததை உறிஞ்சும் சேற்றிலிருந்து பிடுங்கி
மறுபடி முன்னே.

அவனிடம் இருந்த பாதை அவ்வளவுதான்.
மூன்று பலகை நீளம்.

அந்தப் பக்கம் யாரோ தட்டை அடித்தார்கள்.
பனிக்குள் ஆள் தெரியவில்லை.
வலது காதில் சத்தம் கொஞ்சம் தடித்தால்
வலது பக்கம் பலகை.
பாதியில் தட்டு நின்றது.
அவனும் நின்றான்.
பிறகு குனிந்தான், பிடுங்கினான், முன்னே போட்டான்.

பிள்ளையைத் தோளிலும்
யோகமலரைக் கடைசிப் பலகையிலும் ஏற்றிக்
கொண்டுவந்தான்.
தட்டடித்த கை யாருடையது என்று
அவளுக்கும் தெரியவில்லை.

இந்தக் குழியமும் எதையோ முகர்கிறது.
ஒரு பக்கம் அது கொஞ்சம் அடர்த்தி,
அந்தப் பக்கம் விளிம்பு நீள்கிறது.
பார்வை வட்டத்தைக் கடக்க முக்கால் மணி நேரம்.
செங்குழியங்கள் வழிவிடுகின்றன,
அல்லது தள்ளப்படுகின்றன.

இடையில் ஓய்ந்தது. சும்மா நிற்கிறது என்று நினைத்தேன்.
நிற்கும்போதும் உள்ளே கட்டலும் அவிழ்த்தலும் ஓடும்,
ஓட்டம் விட்டால் உருவமும் விட்டுவிடும்.
கொழுந்து நிறுக்கும்வரை அம்மா நிற்பாள்,
நிறைந்த கூடையோடு, சரிவில்,
கால் பெருவிரலால் மலையைப் பிடித்தபடி.
நின்றதற்குக் கணக்கப்பிள்ளை பேர் போட்டதில்லை.
கிலோ குறைந்தால் அரைப்பேர்.

ஐந்து மணிக்குக் கண்ணாடியின் ஓரம் காய்ந்தது.
வெண்குழியம் உருண்டை ஆகிவிட்டது,
முன்னும் இல்லை பின்னும் இல்லை.
குளோரின் வாளியில் போட்டேன்.
விரலில் கீறல் மூடத் தொடங்கியிருந்தது.
ஓரத்துக் கலங்கள், ஒன்றை ஒன்று விடாமல்,
இந்நேரம் கிளம்பியிருக்கும்.

சந்தனத்தின் காம்பராவுக்கு
இன்னும் கதவு வரவில்லை.
கடிதம் தோட்டக் காரியாலயத்தில் இருக்கிறது.
வாசலில் படங்கு தொங்குகிறது.
காற்று வந்தால்
உள்ளிருந்து யாரோ தள்ளுவது போல
உப்பும்.